மிளகுக்கு ஒரு தூண், ராஜாவுக்கு ஓர் அட்டைப் பலகை

எங்கள் சோபாவின் வலது கைப்பிடியில் துணி கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: பூனையை அடக்கு. தண்ணீர் தெளி, கையைத் தட்டி விரட்டு, அந்த அறைக்குள்ளேயே விடாதே. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிறாண்டுவது பூனைக்கு அன்றாடத் தேவை. அதற்குத் தோதான இடம் வீட்டில் வேறு எங்கும் இல்லாததால் சோபா அந்த இடமாகிவிட்டது. சோபாவைவிட நல்லதாக ஒன்றைச் செய்து வைப்பது என் பொறுப்பு, அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் பூனையின் விருப்பம் என்ற முடிவோடு இந்த வேலையைத் தொடங்கினேன். அளவு, கணக்கு, ஒவ்வொன்றையும் ஏன் அப்படிச் செய்தேன் என்பது எல்லாவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

வீட்டில் இரண்டு பூனைகள். மிளகு மூன்று வயதுப் பெண், 4.2 கிலோ, எதன் மேலும் ஏறிவிடுவாள். ராஜாவுக்கு 13 வயது. மூட்டுத் தேய்வு இருப்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்து உறுதி செய்திருக்கிறார், மருந்தும் போய்க்கொண்டிருக்கிறது. சோபாவைக் கிழித்தது மிளகு. ராஜா பிறாண்டுவது வாசலில் கிடக்கும் கால்மிதியை.

பூனை ஏன் பிறாண்டுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் மரத்தை அறுக்கத் தொடங்கினால் வேலை வீண். பூனையின் நகம் அடுக்கடுக்காக வளரும். மேலே இருக்கும் உறை பழசானதும் வெங்காயச் சருகு உரிவதுபோலக் கழன்று, அடியிலிருந்து புதிய கூர்முனை வெளியே வரும். பிறாண்டும்போது அந்தப் பழைய உறை கழல்கிறது. முன்கால்களை உயரத்தில் ஊன்றி இழுக்கும்போது தோளும் முதுகும் நன்றாக நீண்டு கொடுக்கின்றன, தூங்கி எழுந்ததும் பூனை பிறாண்டப் போவது இதனால்தான். இன்னொன்று வாசனை. பூனையின் பாதத்தில், விரல்களுக்கு இடையே சுரப்பிகள் இருக்கின்றன. பிறாண்டிய இடத்தில் அந்தச் சுரப்பு ஒட்டிக்கொள்ளும். நம் மூக்குக்கு அது தெரியாது. மற்றப் பூனைகளுக்கும் அந்தப் பூனைக்கேயும் அது ‘இது என் இடம்’ என்று சொல்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைத்த தூணைப் பூனை சீண்டாமல், கூடத்தின் நடுவே இருக்கும் சோபாவைத் தேடி வருவதற்கு இதுவே காரணம்.

தண்ணீர் தெளிப்பதால் என்ன நடக்கும்? நாம் இருக்கும்போது மட்டும் பூனை பிறாண்டாது. தேவை அப்படியேதான் இருக்கும், நம்மைக் கண்டால் பயம் மட்டும் புதிதாக வரும். பயமும் பதற்றமும் கூடினால் அடையாளம் போடுவதும் கூடும், அதாவது பிறாண்டல் அதிகமாகும். வீடு மாறியபோது, புதிதாக ஒரு பூனை வந்தபோது, வீட்டில் கட்டட வேலை நடக்கும்போது பிறாண்டல் திடீரென்று பெருகினால் பூனை பதற்றத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது அதட்டுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, “வெளிநாட்டுல நகத்தையே எடுத்துடுவாங்களாமே, அதைப் பண்ணிடலாம்ல?” என்று கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். “அத்தை, அது நகத்தை எடுக்கறது இல்ல. விரலோட கடைசி எலும்பையே வெட்டி எடுக்கறது” என்றேன். பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்கிறது. திரும்ப வளராமல் இருக்க வேண்டுமென்றால் அந்த எலும்பை மூட்டோடு நீக்க வேண்டும். பூனைக்கு முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து விரல், பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக மொத்தம் 18. முன்கால்களுக்கு மட்டும் செய்தாலே பத்து விரல்களின் நுனி போய்விடும். பூனை விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. ஆயுள் முழுக்க அது நடக்கிற விதத்தையே இந்த அறுவை மாற்றிவிடுகிறது. நீங்காத வலி, முதுகு வலி, நகம் இல்லாததால் கடிக்கத் தொடங்குவது, மண் தொட்டியில் கால் வைக்க வலித்து வெளியே மலஜலம் கழிப்பது என்று இதன் பின்விளைவுகள் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. செல்லப்பிராணிகளைப் பாதுகாப்பதற்கான 1987ஆம் ஆண்டு ஐரோப்பிய உடன்படிக்கை, மருத்துவக் காரணம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது என்கிறது. இஸ்ரேல் 2011இல் தடை செய்தது. அமெரிக்காவில் முதலில் தடை செய்த மாநிலம் நியூயார்க், 2019இல். ஒரு சோபாவுக்காக ஓர் உயிரின் பத்து விரல்களை வெட்டுவதை என்னால் எந்தக் கோணத்திலிருந்தும் நியாயப்படுத்த முடியவில்லை. அத்தையும் கேட்டுவிட்டு, “அய்யோ, அது தெரியாதே” என்றார். நிறையப் பேர் அது தெரியாமல்தான் கேட்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் சோபாவைப் படித்தேன். கீறல்கள் எல்லாமே மேலிருந்து கீழாக. கைப்பிடியின் உயரம் 62 செ.மீ., கீறலும் உச்சிவரை இருந்தது. அதாவது மிளகு இன்னும் மேலே எட்ட விரும்பியிருக்கலாம், சோபா அங்கே முடிந்துவிட்டது. பக்கத்துக் கதவு நிலையில் தேடினேன். மெல்லிய கீறல்கள், உச்சியில் இருந்தது 76 செ.மீ. அவள் முழுக்க நீட்டி எட்டும் உயரம் அதுதான். 50, 60 செ.மீ. உயரத்தில் செய்யப்படும் தூண்களைப் பல பூனைகள் திரும்பிப் பார்க்காததற்கு அதற்குமேல் காரணம் தேட வேண்டாம், உடம்பை நீட்ட அங்கே இடமே இல்லை. பூனை வளர்ப்பவர்களிடம் இணையம் வழியாக நடத்திய ஒரு கருத்தாய்வு 2016இல் வெளியானது. தூண் மூன்று அடி, அதாவது சுமார் 90 செ.மீ., அல்லது அதற்கு மேல் உயரமாக இருந்த வீடுகளில் வேண்டாத இடத்தில் பிறாண்டுவது குறைவாக இருந்ததாக அது சொல்கிறது. என் தூணுக்கும் அடிப்பலகைக்கு மேல் 90 செ.மீ. என்று முடிவு செய்தேன்.

எந்தப் பொருளைச் சுற்றுவது என்பதை நான் தீர்மானிக்கவில்லை. 60 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில் மூன்று பலகைகள் எடுத்து, ஒன்றில் சைசல் கயிறும், ஒன்றில் பழைய தரைவிரிப்புத் துண்டும், ஒன்றில் நெளி அட்டையும் ஒட்டினேன். சில நாள் சோபா பக்கத்தில் நிமிர்த்திக் கட்டி வைத்தேன், சில நாள் தரையில் படுக்கப் போட்டேன். இடையிடையே மூன்றின் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். அப்படி மாற்றாவிட்டால் பூனைக்குப் பிடித்தது பொருளா இடமா என்று தெரியாது. மிளகு நிமிர்ந்து நின்ற கயிற்றுப் பலகைக்குத்தான் போனாள், அதை எங்கே மாற்றி வைத்தாலும். ராஜா நிமிர்ந்து நின்ற எதையும் தொடவில்லை. தரையில் கிடந்த அட்டையின் மேல் ஏறி நின்று, மெதுவாக, இரண்டு கையாலும் மாறி மாறிப் பிறாண்டினான். அந்த அட்டைத் துகள்களைக் கூட்டி அள்ளும்போதுதான் ஒன்றுக்கு இரண்டாகச் செய்ய வேண்டியிருக்கும் என்பது உறுதியானது. 

சைசல் என்பது கற்றாழை வகைச் செடி ஒன்றின் நார். சொரசொரப்பும் உறுதியும் சேர்ந்தது. சணல் மிருதுவாக இருக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். தேங்காய்நார்க் கயிற்றிலும் செய்யலாம், நார் உதிர்வது அதிகம். நைலான் கயிறு வழுக்கும், நகமும் இழையில் மாட்டிக்கொள்ளும், அதனால் வேண்டாம். எதை வாங்கினாலும் முகர்ந்து பாருங்கள். சில கயிறுகளை எண்ணெயில் பதப்படுத்தியிருப்பார்கள், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை அடிக்கும். நமக்கே அடித்தால் பூனை கிட்டேயே வராது.

அடித்தளத்துக்குத்தான் அதிக நேரம் செலவிட்டேன். தூண் ஒரே ஒரு முறை ஆடினாலோ சாய்ந்தாலோ போதும், பூனை அதன்பின் அதை நம்பாது. அதனால் மரத்தைத் தொடும் முன் கணக்குப் போட்டேன். மிளகு 76 செ.மீ. உயரத்தில் நகத்தை மாட்டித் தன் பக்கமாக இழுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தூண் கவிழாமல் இருக்க, மொத்த எடையை அடித்தளத்தின் பாதி அகலத்தால் பெருக்கி 76ஆல் வகுத்தால் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்று தெரியும். 40 செ.மீ. சதுரத்தில் ஒரே ஒரு 18 மி.மீ. பிளைவுட் போட்டால், தூண், கயிறு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 7 கிலோ. ஏழை இருபதால் பெருக்கி 76ஆல் வகுத்தால் 1.8 கிலோ. நாலு கிலோ பூனை கொஞ்சம் வேகமாக இழுத்தாலே கவிழ்ந்துவிடும். 60 செ.மீ. சதுரத்தில் இரண்டு பிளைவுட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் மொத்தம் 13 கிலோ வரும். பதின்மூன்றை முப்பதால் பெருக்கி 76ஆல் வகுத்தால் 5.1 கிலோ. இதில் இன்னொரு லாபமும் உண்டு. தூணின் மையத்திலிருந்து விளிம்புக்கு 30 செ.மீ. இருப்பதால் பூனையின் பின்கால்களும் பலகை மேலேயே நிற்கும். அவள் எடையே பலகையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

தூணுக்கு 10 செ.மீ. குறுக்களவுள்ள மர உருளை, நீளம் 92 செ.மீ. மரம் எதுவானாலும் சரி, பூச்சி மருந்து ஏற்றிய மரமாக இருக்கக் கூடாது. அடியிலிருந்து நாலு ஸ்க்ரூ மட்டும் போட்டு உருளையை நிறுத்தினால் நாளாக ஆக ஆடத் தொடங்கும், ஏனென்றால் மரத்தின் வெட்டுமுகத்தில் நார் ஓட்டத்தோடு போகும் ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் குறைவு. அதனால் மேல் பிளைவுட்டின் நடுவில் உருளை இறுக்கமாகப் போகும் அளவுக்கு வட்டத் துளை வெட்டினேன். உருளை அந்தத் துளைக்குள் 1.8 செ.மீ. இறங்கி உட்கார்ந்துவிடும். கீழ் பிளைவுட்டிலிருந்து நாலு 100 மி.மீ. ஸ்க்ரூக்கள் உருளைக்குள் ஏறும். முன்கூட்டியே சன்னமான துளை போட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூவை ஏற்ற வேண்டும், நேரடியாக ஏற்றினால் மரம் பிளக்கும். இரண்டு பிளைவுட்டுக்கு நடுவிலும் துளையின் உள்சுவரிலும் மர வேலைக்கான வெள்ளைப் பசை. கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டேன்.

விளிம்புகளைத் தேய்ப்பதில் சோம்பல் படக் கூடாது. பிளைவுட் ஓரத்தில் சிலும்பு இருந்தால் பாதத்தில் ஏறும். 120ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180. மூலைகளை நன்றாக வட்டமாக்கினேன். வார்னிஷ், பெயின்ட் எதுவும் அடிக்கவில்லை. வாசனையால் உலகை அறியும் பிராணிக்குச் செய்யும் பொருளில் மர வாசனை மட்டும் இருந்தால் போதும். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட சூழல் வழிகாட்டியில் ஐந்து அடிப்படைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அதில் ஐந்தாவது, பூனையின் மோப்ப உணர்வை மதிக்கும் வீடு. வீடு கழுவும் திரவம், ஊதுபத்தி, வாசனைத் தெளிப்பான் என்று நாம் யோசிக்காமல் செய்யும் பலவும் பூனைக்குப் பெரிய தொந்தரவு என்பது அதைப் படித்தபோது உறைத்தது. அறுப்பதும் துளை போடுவதும் நடக்கும்போது இரண்டு பூனைகளும் வேறு அறையில் இருந்தன. சத்தம் ஒரு காரணம், மரத்தூள் இன்னொரு காரணம்.

கயிற்றின் கணக்கு எளிது. உருளை 10 செ.மீ., கயிறு 8 மி.மீ. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 34 செ.மீ. பிடிக்கும். 80 செ.மீ. உயரத்துக்கு நூறு சுற்று, ஆக 34 மீட்டர். வாங்கியது 38 மீட்டர். 6 மி.மீ. கயிறு என்றால் சுற்று கூடும், 44 மீட்டருக்கு மேல் தேவைப்படும்.

கயிறு சுற்றுவதில் ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது: கயிற்று முனை வெளியே தொங்கக் கூடாது. பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. நூலோ கயிற்றுப் பிரியோ வாயில் போனால் துப்ப முடியாமல் உள்ளேதான் இழுத்துக்கொண்டே போகும். நீளமான நூல் குடலில் மாட்டினால் குடல் சுருங்கி மடிந்து கிழியும் அபாயம் உண்டு. அறுவைச் சிகிச்சை வரை போகும், உயிரும் போகலாம். பூனையின் வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்குவதைப் பார்த்தால் பிடித்து இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். அதனால் தூணின் அடியில் சாய்வாக ஒரு 9 மி.மீ. துளை போட்டு, கயிற்று முனையைப் பசையோடு உள்ளே செருகி, பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூவால் இறுக்கினேன். மேல் முனைக்கும் அதேதான், அதன் மேல் 14 செ.மீ. வட்ட மூடி வந்து மறைத்துவிடும். ஸ்டேப்ளர் முள் எங்கும் அடிக்கவில்லை. அது நாள்பட்டுத் துருத்திக்கொண்டு வந்தால் நகத்தையும் பாதத்தையும் கிழிக்கும்.

சுற்றும் முறை: தூணைப் படுக்க வைத்து உருட்டிக்கொண்டே சுற்றுவது கைக்கு வாகு. அதற்காகவே அடித்தளத்தில் பொருத்தும் முன்பே கயிற்றைச் சுற்றி முடித்தேன், அடியில் துளைக்குள் இறங்கும் பகுதியையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் விட்டுவிட்டு. ஐந்தாறு சுற்றுக்கு ஒரு முறை பசைக் கோடு ஒன்று, அப்புறம் கட்டையை வைத்து மெதுவாகத் தட்டிச் சுற்றுகளை நெருக்க வேண்டும். பசையை அள்ளிப் பூசினால் கயிறு ஊறிக் கல்லாகிவிடும், நகம் இறங்காது. நகம் இறங்காத தூணில் பூனைக்கு என்ன வேலை? கயிறு காய்ந்த நிலையில் இருக்க வேண்டும், ஈரத்தில் சுற்றினால் காய்ந்தபின் தளர்ந்துவிடும். கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம், முப்பது மீட்டர் சைசல் உள்ளங்கையைப் பதம் பார்த்துவிடும்.

எல்லாம் பொருத்திக் காய்ந்ததும் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை 76 செ.மீ. உயரத்தில் மாட்டிப் பக்கவாட்டில் இழுத்தேன். ஐந்து கிலோவை ஒட்டித்தான் எதிர் விளிம்பு தரையை விட்டு எழும்பியது. கணக்குச் சரியாக வந்ததில் அவ்வளவு நிம்மதி. இருந்தாலும் ஓடி வந்து பாய்ந்தால் இதைவிட அதிக விசை வரும் என்பதால் ஒரு பக்கம் சுவர் இருக்கும்படி வைத்தேன், அடியில் வழுக்காத ரப்பர் பாய். பசை வாடை முழுதாகப் போகும்வரை காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுத்தான் கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.

இடம், சோபாவின் அதே வலது கைப்பிடியை ஒட்டி. பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் பூனை அடையாளம் போட்டு வைத்திருக்கும் இடம் அதுதான், தூண் அங்கே இருந்தால்தான் அதற்கு அர்த்தம். கைப்பிடியை வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு கலந்து துடைத்து, வழுவழுப்பான துணியை இழுத்துக் கட்டி, ஓரத்தில் இருபக்கமும் ஒட்டும் டேப் ஒட்டினேன். வலி தராது, பாதத்தில் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். பக்கத்திலேயே நல்ல இடம் இருக்கும்போது மட்டும் டேப் ஒட்டுவது நியாயம். மாற்று எதுவும் தராமல் தடை மட்டும் போட்டால் பூனை எங்கேதான் போகும்?

ஆரஞ்சு எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் தெளித்தால் பூனை விலகும் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். நம் கல்லீரல் எளிதாக முறித்து வெளியேற்றும் சில வேதிப்பொருட்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது, அதற்கான நொதி அதனிடம் மிகக் குறைவு. ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரை எடுப்பதும் இதனால்தான். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு விஷம். காலில் பட்டதைப் பூனை நக்கியே சுத்தம் செய்யும் என்பதையும் மறக்கக் கூடாது.

தூணைக் காட்டிப் பழக்குகிறேன் என்று பூனையின் கைகளைப் பிடித்து அதில் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிக்கப்படுவதைப் பூனை வெறுக்கும், அந்த வெறுப்பு தூணின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். நான் செய்தது, கயிற்று இடுக்கில் கேட்நிப் என்ற, பூனைகளை மயக்கும் செடியின் காய்ந்த இலையைக் கொஞ்சம் தேய்த்ததும், தூணைச் சுற்றி இறகுக் குச்சியை ஆட்டி விளையாடியதும்தான். கேட்நிப்பில் இருக்கும் நெபெட்டலாக்டோன் என்ற பொருளுக்கு எல்லாப் பூனையும் மயங்காது, ஏறத்தாழ மூன்றில் இரண்டுதான் மயங்கும், அது பிறவிக் குணம். சின்னக் குட்டிகளுக்கு வேலை செய்யாது. மிளகு முகத்தைத் தூணில் தேய்த்துத் தேய்த்து உருண்டாள். ராஜா ஒரு முறை முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். விளையாடி முடித்ததும் இறகுக் குச்சியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன், அதிலும் நூல் இருக்கிறது.

மிளகு இறகைத் துரத்திக்கொண்டு தூணில் நகத்தை மாட்டினாள், இழுத்துப் பார்த்தாள், தூண் அசையவில்லை. உடனே பின்கால்களைப் பலகையில் ஊன்றி, காதை லேசாகப் பின்னால் சாய்த்து, முதுகு வில்லாக வளைய மேலிருந்து கீழே நீளமாக இழுத்தாள். பறபறவென்று ஒரு சத்தம். அந்த நொடியிலேயே அவளுக்குப் பிடித்த தின்பண்டத்தில் ஒரு துண்டைத் தூணின் அடியில் வைத்தேன். பரிசு சில விநாடிகளுக்குள் வந்தால்தான் எதற்கு வந்தது என்று பூனைக்குப் புரியும். முன்னே சொன்ன கருத்தாய்விலும் பரிசு கொடுத்த வீடுகளில் பூனைகள் அந்தப் பொருளை அதிகம் பயன்படுத்தியதாக இருக்கிறது. சில வாரங்களில் கயிற்று இடுக்குகளில் பிறை வடிவில், கண்ணாடி மாதிரி மெல்லிய நக உறைகள் மாட்டிக் கிடக்கத் தொடங்கின. விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே குழிந்த அச்சு தெரியும். அதைப் பார்த்தால் தூண் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

சோபா பக்கம் போவது நன்றாகக் குறைந்த பிறகு டேப்பை எடுத்துவிட்டேன். தூணை அங்கிருந்து நகர்த்தவில்லை. நகர்த்த வேண்டுமென்றால் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் வீதம்தான். ஒரேயடியாக அடுத்த அறைக்குத் தூக்கிப் போனால் பூனை பழைய இடத்துக்குத்தான் திரும்பும்.

ராஜாவின் பலகை இதைவிட எளிது, ஆனால் மனதுக்கு நெருக்கமான வேலை அதுதான். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்-ரே படங்களை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. தாவுவதற்கு முன் தயங்குவது, ஒரே தாவலில் ஏறிய இடத்துக்கு இரண்டு கட்டமாக ஏறுவது, நிமிர்ந்து பிறாண்டுவதை விட்டுவிடுவது, இவைதான் அது காட்டும் அடையாளம். ‘வயசாயிடுச்சு, அமைதியாயிட்டான்’ என்று நாம் நினைப்பதில் பாதி வலியாக இருக்கும்.

60 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலத்தில், 5 செ.மீ. உயரமுள்ள மரச் சட்டம். பழைய பெட்டிகளின் நெளி அட்டையை 60க்கு 5 செ.மீ. பட்டைகளாக வெட்டி, நெளிவின் ஓட்டை மேலே பார்க்கும்படி நெட்டாக அடுக்கினேன். அட்டை 5 மி.மீ. தடிமன் என்றால் ஐம்பது பட்டை பிடிக்கும். பசையே இல்லாமல் இறுக்கமாகச் செருகிவிட்டதால், மேல்பக்கம் தேய்ந்ததும் பட்டைகளைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் பயன்படுத்தலாம். பெட்டியில் ஒட்டியிருக்கும் டேப், பின் எல்லாவற்றையும் முதலில் உரித்துவிட வேண்டும். சட்டத்தை ராஜாவின் படுக்கையிலிருந்து ஓர் எட்டு தூரத்தில் வைத்தேன். எழுந்ததும் முதல் அடியிலேயே அதன் மேல் நிற்கிறான்.

வயதான பூனைக்குப் பிறாண்டல் குறைவதால் பழைய உறை கழலாமல் நகம் தடித்துப் போகும், வளைந்து வளர்ந்து பாதத்துக்குள்ளேயே குத்தும். ராஜாவின் நகங்களை வாராவாரம் பார்க்கிறேன். விரலை மேலும் கீழும் மெதுவாக அழுத்தினால் நகம் வெளியே வரும். மிளகின் நகத்தில் உள்ளே ஓடும் இளஞ்சிவப்பு நரம்புப் பகுதி தெளிவாகத் தெரியும், அதற்கு முன்னால் உள்ள கண்ணாடி நுனியை மட்டும் வெட்டலாம். ராஜாவின் நகம் மஞ்சளித்து மங்கிப் போனதால் உள்ளே எதுவும் தெரியாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நுனிக்கு மேல் போக மாட்டேன். வெட்டும்போது மேல் அடுக்கு பொருக்காக உதிர்ந்து, அடியில் நல்ல நகம் தெரியும். வால் நுனி துடிக்க ஆரம்பித்தால், காது பக்கவாட்டில் திரும்பினால், கையை இழுத்துக்கொண்டால் அத்தோடு நிறுத்திவிடுவேன். ஒரு விரல் முடிந்தாலும் போதும், மற்றது அப்புறம். பத்து விரலையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று பிடித்து அமுக்கினால் அடுத்த முறை கத்தரியைப் பார்த்ததுமே ஓடிவிடுவான், வலியுள்ள மூட்டை முறுக்கியதும் ஆகிவிடும்.

தூணின் பராமரிப்பு பற்றிக் கடைசியாக. கயிறு தேயும்போது பார்க்கக் கந்தலாக இருக்கும், பூனைக்கோ அது அப்போதுதான் சொந்தமாகிறது. அவள் வாசனையும் கோடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதனால் முழுக் கயிற்றையும் கழற்றிப் புதுசு போட வேண்டாம். அதிகம் தேய்வது நடுவில்தான். தேய்ந்த பகுதியின் மேலும் கீழும் தூணில் ஒவ்வொரு துளை போட்டு, நல்ல நிலையில் இருக்கும் சுற்றுகளை முதலில் ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு இறுக்கிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் வெட்டி எடுத்தேன். வெட்டிய முனைகளைத் துளைக்குள் செருகிப் பசை வைத்தேன். மிச்சம் வைத்திருந்த 4 மீட்டர் கயிறு அந்த இடத்துக்குப் பதினொரு சுற்று வந்தது. வாஷரின் விளிம்பு நகத்தில் படாதபடி புதுச் சுற்று அதை மூட வேண்டும். வேலை முடிந்ததும் அடியில் உள்ள நாலு ஸ்க்ரூவையும் ஒரு முறை முறுக்கிவிட்டு, கொக்கித் தராசை மாட்டி மறுபடி இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.